ஏ.ஐ. ஏஜென்ட்டுக்குக் கருவிக் குறிப்பு எழுதுவது எப்படி?

நமது உறுப்பினர்களின் கடைகளுக்கு இப்போது சாப்ட்வேர்காரர்கள் அடிக்கடி வந்து போகிறார்கள். "வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டரை ஏ.ஐ. ஏஜென்ட் எடுத்துக் கொள்ளும், இரவு பதினோரு மணிக்குக் கேட்டாலும் விலை சொல்லும், பில் போடும்" என்கிறார்கள். பேச்சு முடிந்து அட்வான்ஸ் கை மாறிய பிறகு ஒரு தாளை நீட்டி, "உங்கள் கடைக்கு என்னென்ன கருவிகள் வேண்டும், ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். கேட்கப்படுபவர்களில் பலர், "அதெல்லாம் நீங்களே போட்டுக் கொள்ளுங்கள்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்து விடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்தத் தாளைப் பற்றியது. அதில் எழுதப்படும் பத்து இருபது வரிகளை வைத்துத்தான் நம் சரக்கு யாருக்கு, எவ்வளவு, என்ன விலைக்குப் போகிறது என்பது முடிவாகிறது. அதைச் சாப்ட்வேர்காரர் எழுதினால் அவருக்குத் தெரிந்த அளவுக்குத்தான் எழுதுவார். துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் வித்தியாசம் தெரியாத தம்பிகள்கூட அந்த வேலைக்கு வருகிறார்கள் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் தொழில் வேறு, நம் தொழில் வேறு.

கருவி என்பது என்ன?

ஏஜென்ட் என்றதும் நமக்குக் கமிஷன் ஏஜென்ட்தான் நினைவுக்கு வருவார். அந்த ஒப்புமை ஓரளவுக்குப் பொருந்தவும் செய்கிறது. இருவரும் நம் சார்பில் பேசுகிறார்கள், அவர்கள் வாயால் வந்த சொல்லுக்கு நாம்தான் பொறுப்பு. ஆனால் கமிஷன் ஏஜென்ட்டுக்குச் சந்தை தெரியும். ஏ.ஐ. மாடலுக்கு நம் கிடங்கும் தெரியாது, கல்லாவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எழுத்தைப் படிப்பதும் எழுதுவதும்தான். இன்றைக்கு என்ன தேதி என்பதைக்கூட நாம் எழுதிக் கொடுத்தால்தான் அது சரியாகச் சொல்லும்.

ஆகவே அதற்குக் கருவிகள் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் மூன்று பகுதிகள் உண்டு. ஒன்று, அதன் பெயர். இரண்டு, அது என்ன செய்யும் என்ற குறிப்பு. மூன்று, நிரப்ப வேண்டிய கட்டங்கள், அதாவது பொருள், எண்ணிக்கை, தேதி போன்றவை. வாடிக்கையாளரின் செய்தி வந்ததும் மாடல் இந்த மூன்றையும் படிக்கிறது. எந்தக் கருவி பொருந்தும் என்று முடிவு செய்து, கட்டங்களை நிரப்பி, ஒரு சிட்டை எழுதித் தருகிறது. அந்தச் சிட்டையின்படி வேலையைச் செய்வது மாடல் அல்ல, நம் பில்லிங் சாப்ட்வேர். அது செய்து முடித்துப் பதிலை எழுத்தாகத் திருப்பி அனுப்புகிறது. மாடல் அதைப் படித்து வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிறது. கல்லாவில் இருப்பவர் சிட்டை எழுதிக் கிடங்குக்கு அனுப்புவதும், கிடங்கிலிருந்து ஆள் வந்து "அண்ணாச்சி, எட்டு மூட்டைதான் கிடக்கு" என்று சொல்வதும் போலத்தான் இது.

இந்த வசதியை ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் 2023 ஜூன் மாதத்தில் புரோகிராம் எழுதுவோர் அனைவருக்கும் திறந்து விட்டது. எந்தக் கருவியையும் எந்த மாடலுடனும் இணைப்பதற்கு ஒரு பொது முறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதன் பிறகுதான் இது சிறு கடைகள்வரை வந்திருக்கிறது.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருவியின் உள்ளே இருக்கும் புரோகிராமை மாடல் பார்ப்பதில்லை. வெளியே நாம் எழுதி ஒட்டிய குறிப்பை மட்டுமே பார்க்கிறது. கடையில் புதிதாகச் சேரும் பையன் ஒரு மாதத்தில் பல விஷயங்களைத் தானே பிடித்துக் கொள்வான். இந்தக் கடைக்காரர் எண்ணெய் என்றால் கடலை எண்ணெய், அந்த ஓட்டல்காரர் எண்ணெய் என்றால் பாமாயில், டீக்கடைக்காரர் மாதக் கடைசியில் கடன் கேட்பார் என்பதெல்லாம் அவனுக்கு யாரும் எழுதித் தருவதில்லை. மாடலோ ஒவ்வொரு உரையாடலிலும் புதிதாகச் சேர்ந்த பையனாகவே வருகிறது. பழைய உரையாடல்களை அதற்குக் காட்டும்படி ஏற்பாடு செய்யாவிட்டால் நேற்று நடந்தது அதற்குத் தெரியாது. நம் தலையில் இருப்பது தாளில் வராவிட்டால், அந்த இடத்தை அது ஊகத்தால் நிரப்பும். அதன் ஊகம் படிப்பதற்கு நம்பும்படியாக இருப்பதால் தவறு உடனே கண்ணில் படாது. லாரி போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

எந்த இருப்பு?

ஒரு கடையில் கருவியின் குறிப்பு இப்படி இருந்தது: "இருப்பு_பார். இருப்பைக் காட்டும்."

நம் தொழிலில் இருப்பு என்ற சொல் எத்தனை பொருளில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். சரக்கு இருப்பு, கல்லாவில் ரொக்க இருப்பு, பேங்க் இருப்பு. வாடிக்கையாளர், "என் கணக்கில் இருப்பு என்ன?" என்றால் அவர் தர வேண்டிய பாக்கியைக் கேட்கிறார். சரக்கு என்றே வைத்துக் கொண்டாலும் கேள்விகள் தீர்வதில்லை. எந்தக் கிடங்கு? ஆர்டர் எடுத்து இன்னும் லாரி ஏறாத மூட்டைகள் கழிக்கப்பட்டவையா, சேர்ந்தவையா? வழியில் வந்து கொண்டிருக்கும் லோடு உண்டா? எண் மூட்டையா, கிலோவா? இவற்றில் எதற்கும் அந்தக் குறிப்பில் பதில் இல்லை. எழுதியவருக்குப் பதில் தெரிந்திருந்ததால் எழுதத் தோன்றவில்லை.

அதே கருவிக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பு இது:

"சரக்கு_இருப்பு. ஒரு பொருள் இப்போது விற்பனைக்கு எத்தனை சிப்பம் இருக்கிறது என்பதைக் காட்டும். இரண்டு கிடங்குகளும் சேர்ந்த எண்ணிக்கை. ஏற்கெனவே ஆர்டர் ஆகி இன்னும் அனுப்பாத சரக்கு கழிக்கப்பட்டிருக்கும். வழியில் வரும் லோடு இதில் சேராது. எண்ணிக்கை சிப்பத்தில் வரும், கிலோவில் வராது. சிப்பத்தின் எடை பதிலில் தனியாக வரும். வாடிக்கையாளர் 'இருக்கிறதா', 'கிடைக்குமா', 'எத்தனை மூட்டை அனுப்ப முடியும்' என்று கேட்கும்போது பயன்படுத்தவும். அவர் தர வேண்டிய பாக்கியைக் கேட்டால் இதைப் பயன்படுத்த வேண்டாம், அதற்குக் கணக்கு_பாக்கி என்ற கருவி உள்ளது. பொருளின் குறியீட்டு எண் தேவை. பெயர் மட்டும் தெரிந்தால் முதலில் பொருள்_தேடு கருவியைப் பயன்படுத்தவும்."

நீளமாக இருக்கிறதே என்று தோன்றலாம். நீளம் இங்கே குற்றமில்லை. இதில் என்ன செய்யும், எதைச் செய்யாது, எப்போது பயன்படும், எப்போது பயன்படாது, அப்போது எங்கே போக வேண்டும், பதில் எந்த அலகில் வரும் என்று ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கேள்வியை அடைக்கிறது. அடைக்காத வாக்கியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. "இது மிகச் சிறந்த, அதிவேகமான இருப்புக் கருவி" என்று விளம்பரம் எழுதிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த வரியால் ஒரு மூட்டைகூட நகராது.

எப்போது பயன்படுத்தக் கூடாது என்பதைத்தான் பலர் விட்டு விடுகிறார்கள். ஒன்றுக்கொன்று நெருக்கமான இரண்டு கருவிகள் இருந்தால் அந்த வரி கட்டாயம் வேண்டும். அதைவிட நல்லது, நெருக்கமான கருவிகளைக் குறைப்பது. சாப்ட்வேரில் நாற்பது பட்டன் இருக்கிறது என்பதற்காக நாற்பது கருவி வைத்தால் மாடலுக்குத் தேர்ந்தெடுப்பதே பெரும் வேலையாகி விடும். ஒரு மண்டிக்கு ஏழெட்டு போதும் என்பது என் கருத்து.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பல அமைப்புகளில் கருவியின் பெயரை ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு போன்ற சில குறிகளால் மட்டுமே எழுத முடியும். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். ஆனால் குறிப்பைத் தமிழில் எழுதலாம். பல மாடல்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு டோக்கன் கூடுதலாகச் செலவாகும், அதற்கேற்பக் கட்டணமும் கொஞ்சம் ஏறும். சரக்கின் பெயர்களும் வாடிக்கையாளர் சொல்லும் விதமும் தமிழில் இருப்பதால், குறைந்தபட்சம் அவற்றையாவது தமிழிலேயே கொடுப்பது நல்லது.

கடலை 2 மூட்டை

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வருகிறது: "கடலை 2 மூட்டை, சீரகம் 5, எண்ணெய் 10, நாளைக்கு."

கடலை என்றால் நிலக்கடலையா, கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா, கடலைப்பருப்பா? சீரகம் என்பவருக்குச் சில ஊர்களில் பெருஞ்சீரகமும் மனதில் இருக்கலாம், அதாவது சோம்பு. தெற்கே சீனி என்று கேட்பதை வடக்கே சர்க்கரை என்பார்கள், பழைய ஆட்கள் சிலர் அஸ்கா என்பார்கள். தெற்கத்தி வாடிக்கையாளர் சர்க்கரை என்று எழுதினால் நாட்டுச் சர்க்கரையாகவும் இருக்கலாம்.

ஆர்டர் போடும் கருவியில் பொருளின் பெயரை எழுதும் கட்டம் வைத்தால் இந்தக் குழப்பம் அத்தனையும் நேராகப் பில்லுக்குள் போய்விடும். ஆகவே அந்தக் கட்டத்தில் பெயரே இருக்கக் கூடாது, குறியீட்டு எண் மட்டும் இருக்க வேண்டும். பெயரிலிருந்து எண்ணைக் கண்டுபிடிக்கப் பொருள்_தேடு என்று தனிக் கருவி. அதன் குறிப்பில், "ஒரு சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் கிடைத்தால் அவற்றை வாடிக்கையாளருக்குக் காட்டி எது என்று கேட்கவும். நீயாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இந்த வாடிக்கையாளர் கடந்த 3 மாதங்களில் வாங்கிய பொருள் பதிலில் முதலில் வரும், ஆனாலும் கேட்டு உறுதி செய்யவும்" என்று எழுத வேண்டும். பட்டியலில் சீனி, சர்க்கரை, அஸ்கா மூன்றும் ஒரே எண்ணுக்குப் போகும்படி மாற்றுப் பெயர்களைச் சேர்ப்பது நம் வேலை. இதைச் சாப்ட்வேர்காரரால் செய்ய முடியாது.

அடுத்தது அளவு. "எண்ணெய் 10" என்பது பத்து டின் என்று வைத்துக் கொள்வோம். 15 கிலோ டின்னா, 15 லிட்டர் டின்னா? சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் நிற்கும். 15 லிட்டர் டின்னில் இருப்பது ஏறத்தாழ 13.65 கிலோ. டின்னுக்கு 1.35 கிலோ வித்தியாசம், 40 டின்னுக்கு 54 கிலோ. லிட்டர் டின் விலையைச் சொல்லிக் கிலோ டின்னை அனுப்பினால் அந்த ஆர்டரில் லாபம் முழுதும் போய்க் கைப்பணமும் போகும்.

அரிசியிலும் இதே கதை. 25 கிலோவரை முன்பொதிந்து லேபிள் இட்ட அரிசி, பருப்பு வகைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், 26 கிலோ சிப்பம் சந்தையில் பெருகியது நம் எல்லோருக்கும் தெரியும். மாடலுக்கு நாம் சொல்லாவிட்டால் ஒரு மூட்டை என்பது எத்தனை கிலோ என்று தெரிய வழியில்லை. 100 மூட்டைக்கு ஒரு குவிண்டால் வித்தியாசம் வருவதோடு, வரியும் மாறி விடும்.

ஆகையால் "அளவு" என்று ஒரே கட்டம் வைக்காதீர்கள். "சிப்ப எண்ணிக்கை" என்று ஒன்று, "சிப்ப வகை" என்று ஒன்று, இரண்டாக வையுங்கள். சிப்ப வகையில் வாய்க்கு வந்ததை எழுத முடியாதபடி, பட்டியலில் உள்ள ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும் என்று கட்டுப்படுத்தலாம். 15 கிலோ டின், 15 லிட்டர் டின், 26 கிலோ சிப்பம், 50 கிலோ மூட்டை என்று. இந்த வசதி எல்லா முக்கிய மாடல்களிலும் உண்டு. சாப்ட்வேர்காரர் "அதெல்லாம் ஏ.ஐ. புரிந்து கொள்ளும்" என்று சொன்னால் ஏற்க வேண்டாம்.

ஆந்த்ரோபிக் நிறுவனத்தார் 2024 டிசம்பரில் எழுதிய ஒரு கட்டுரையில் தங்கள் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். புரோகிராம் எழுதும் ஏஜென்ட் ஒன்றைச் செய்தபோது, முழு அறிவுறுத்தலைச் சீர் செய்ததைவிடக் கருவிகளைச் சீர் செய்வதில்தான் அதிக நேரம் செலவிட்டார்களாம். அந்த ஏஜென்ட் ஓர் இடத்திலிருந்து வேறு இடத்துக்கு நகர்ந்த பிறகு கோப்புகளின் முகவரியைத் தவறாகக் கொடுத்து வந்தது. "அடுத்த தெரு, மூன்றாவது வீடு" என்று சொல்வது போன்ற முகவரி அது. எந்தத் தெருவில் நின்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்து மாறி விடும். கருவியில் எப்போதும் முழு முகவரிதான் தர வேண்டும் என்று மாற்றியதும் அந்தத் தவறு நின்று விட்டது. நம் கணக்கில் இதன் பொருள், தவறாக நிரப்ப முடியாத கட்டத்தை வைப்பது, தவறு செய்யாதே என்று பத்து வரி எழுதுவதைவிட மேல்.

"நாளைக்கு" என்பதும் அத்தகையதே. தேதிக் கட்டத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முழுத் தேதி வேண்டும் என்று ஓர் உதாரணத்தோடு எழுத வேண்டும். 05/06 என்று வந்தால் ஜூன் 5 என்போரும் உண்டு, மே 6 என்போரும் உண்டு. இரவு பன்னிரண்டரை மணிக்குக் கடைக்காரர் "நாளைக்கு" என்று எழுதினால் அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் விடிந்ததும் வரும் காலைதான். அந்த நேரத்தில் வரும் ஆர்டருக்கு நாளையும் கிழமையும் சொல்லி உறுதி செய்யவும் என்று ஒரு வரி சேர்த்து விட்டால் தொல்லை இல்லை.

விலை சொல்லும் கருவி

விலை சொல்வது மற்ற வேலைகளைப் போன்றதல்ல. நம் கடையின் பெயரில் ஒரு விலை வெளியே போய்விட்டால் அது நம் சொல். "கம்ப்யூட்டர் தவறாகச் சொல்லி விட்டது" என்று அடுத்த நாள் சொன்னால் இருபது வருடப் பழக்கம் உள்ள கடைக்காரரும் முகம் சுளிப்பார்.

விலைக் கருவியின் குறிப்பில், வருகிற தொகை வரி சேர்ந்ததா நீங்கலானதா, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை உண்டா இல்லையா, ரொக்க விலையா கடன் விலையா, எத்தனை மணிவரை செல்லும் என்பவை எல்லாம் வர வேண்டும். "இந்தக் கருவி தந்த விலையைத் தவிர வேறு விலை எதையும் சொல்ல வேண்டாம். முந்தைய உரையாடலில் சொன்ன விலையைத் திரும்பச் சொல்ல வேண்டாம், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்கவும்" என்ற வரியும் தேவை.

ஆனால் விலையையோ வரி விகிதத்தையோ குறிப்புக்குள் எழுதி வைக்கக் கூடாது. மாறக்கூடிய எதுவும் பேரேட்டில் இருக்க வேண்டும், குறிப்பில் இருக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 அன்று நெய்க்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 5 ஆயிற்று. பிஸ்கட்டுக்கும் குளியல் சோப்புக்கும் 18 சதவீதம் 5 ஆயிற்று. "நெய்க்கு 12 சதவீதம் வரி சேர்த்துச் சொல்லவும்" என்று குறிப்பில் எழுதி வைத்திருந்தால், பில்லிங் சாப்ட்வேர் புது வரிக்கு மாறிய பின்பும் ஏஜென்ட் பழைய கணக்கையே வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொண்டிருக்கும். பில் ஒன்று சொல்லும், செய்தி ஒன்று சொல்லும்.

சரக்கு இல்லை என்ற பதில்

குறிப்பு என்றால் முன்னால் எழுதுவது மட்டுமல்ல. கருவி திருப்பி அனுப்பும் பதிலையும் மாடல் படித்துத்தான் நடக்கிறது. அந்தப் பதிலின் வாசகத்தையும் நாமே சொல்லித் தர வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு மண்டியில் இணையத் தொடர்பு அறுந்து போகும் நேரங்களில் இருப்புக் கருவி 0 என்று பதில் அனுப்பும்படி சாப்ட்வேர் அமைக்கப்பட்டிருந்தது. பூஜ்யம் என்றால் சரக்கு இல்லை என்றுதானே மாடல் எடுத்துக் கொள்ளும்? ஒரு சனிக்கிழமை மாலை முழுதும் கேட்டவர்களுக்கெல்லாம் "உளுந்து இல்லை, சீனி இல்லை" என்று மரியாதையாகப் பதில் போயிற்று. கிடங்கில் அடுக்கு அடுக்காகச் சரக்கு இருந்தது. வாடிக்கையாளர்கள் வேறு மண்டிக்குப் போனார்கள். அவர்களில் சிலர் அங்கேயே நின்று விட்டார்கள் என்று அந்த முதலாளி சொன்னபோது, போன ஆர்டர்களைவிட அதுதான் அவருக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் வேறு வேறு பதில்கள். பின்னதற்கு, "இருப்பு விவரம் இப்போது கிடைக்கவில்லை. சரக்கு இல்லை என்று சொல்ல வேண்டாம். கடையிலிருந்து விரைவில் அழைப்பார்கள் என்று சொல்லிக் கடை_ஆளுக்குத்_தகவல் கருவியைப் பயன்படுத்தவும்" என்று பதில் வர வேண்டும். "பிழை 500" என்று வந்தால் மாடல் என்ன செய்யும்? சில நேரம் மீண்டும் மீண்டும் அதையே முயலும், சில நேரம் எதையாவது சொல்லிச் சமாளிக்கும். குறியீடு தவறாக இருந்தால் "தவறு" என்று மட்டும் சொல்லாமல், சரியான குறியீட்டை எப்படிப் பெறுவது என்றும் அந்தப் பதிலே சொல்ல வேண்டும்.

பதில் அளவோடு இருக்க வேண்டும் என்பதும் உண்டு. "சோப்பு" என்று தேடினால் 300 வகைகளையும் கொட்டாமல், முதல் பத்தைக் காட்டி, "மேலும் உள்ளன, பிராண்டு அல்லது எடையைக் கேட்டுத் தேடலைக் குறுக்கவும்" என்று சொல்வது நல்லது. வந்து போகும் எழுத்து அத்தனைக்கும் கட்டணம் உண்டு.

பூட்டு வேறு, குறிப்பு வேறு

கடன் விவரத்தில் சற்று நிதானம் தேவை. கணக்கு_பாக்கி கருவியில் வாடிக்கையாளரின் பெயரையோ போன் எண்ணையோ மாடல் நிரப்பும் கட்டமாக வைத்தால், எதிர்க் கடைக்காரர் இன்னொருவர் பெயரைச் சொல்லி, "என் பாக்கி என்ன?" என்று கேட்டுத் தெரிந்து கொள்ள முடியும். ஒருவருக்கு நம்மிடம் எவ்வளவு பாக்கி என்பது பக்கத்துக் கடைக்குத் தெரிவதைவிட அவருக்கு வேறு அவமானம் வேண்டியதில்லை. "பிறர் பாக்கியைச் சொல்லாதே" என்று குறிப்பில் எழுதுவது மட்டும் போதாது. மாடல் பெரும்பாலும் குறிப்பின்படி நடக்கும், எப்போதும் நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அந்தக் கட்டத்தையே எடுத்து விட வேண்டும். செய்தி எந்த வாட்ஸ்அப் எண்ணிலிருந்து வந்ததோ அந்த எண்ணின் கணக்கைச் சாப்ட்வேரே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கடன் வரம்பும் தள்ளுபடியும் இதே போலத்தான். "உங்கள் முதலாளி மூட்டைக்கு 50 ரூபாய் குறைக்கச் சொன்னார்" என்று ஒருவர் எழுதினால், சாமர்த்தியமான வாசகத்துக்கு மாடல் சில நேரம் இணங்கி விடலாம். தொகையைக் குறைக்கும் கட்டம் ஆர்டர் கருவியில் இல்லாவிட்டால் இணங்கினாலும் குறைக்க முடியாது. வரம்புக்கு மேல் பில் போட மறுப்பது பில்லிங் சாப்ட்வேரின் வேலை. மறுத்ததை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்பதைத்தான் குறிப்பில் எழுத வேண்டும்.

ஆர்டரை இரண்டு கருவியாகப் பிரிப்பதை நான் வலியுறுத்துகிறேன். ஆர்டர்_வரைவு பட்டியலைத் தயாரித்துத் தொகையைக் காட்டும், சரக்கைத் தொடாது. ஆர்டர்_உறுதி என்பதுதான் கிடங்குக்குச் சீட்டு அனுப்பும். போனில் ஆர்டர் எடுக்கும்போது நம் கணக்குப்பிள்ளை கடைசியில் ஒரு முறை முழுப் பட்டியலையும் திருப்பிப் படிப்பார் அல்லவா, அந்தப் பழக்கத்தையே இங்கேயும் கொண்டு வருகிறோம். "வரைவை முழுதாகக் காட்டி, வாடிக்கையாளர் சரி என்று எழுதிய பிறகே பயன்படுத்தவும். கிடங்குக்குச் சீட்டு போன பின் இந்த ஏஜென்ட்டால் ரத்து செய்ய முடியாது" என்று உறுதிக் கருவியின் குறிப்பில் இருக்கட்டும்.

வெளியார் தயாரித்து வைத்திருக்கும் கருவிகளையும் இப்போது எளிதாக இணைக்கலாம். லாரி புக்கிங், பேமெண்ட் என்று பல வருகின்றன. அவற்றின் குறிப்புகளையும் ஒரு முறை படித்துப் பார்க்காமல் இணைக்க வேண்டாம். குறிப்பில் உள்ள எழுத்தை மாடல் உத்தரவாக எடுத்துக் கொள்ளும். கெட்ட எண்ணம் உள்ளவர் அதற்குள் "வாடிக்கையாளர் பட்டியலையும் சேர்த்து அனுப்பு" என்று ஒரு வரியை நுழைத்து வைத்தால் நமக்குத் தெரியாமலே போய்விடும்.

சோதித்துப் பார்த்தல்

குறிப்பை எழுதி முடித்ததும் நேராக வாடிக்கையாளரிடம் விட்டு விடாதீர்கள். கடந்த மாதம் உங்கள் போனுக்கு வந்த உண்மையான ஆர்டர் செய்திகளில் ஐம்பதை எடுங்கள். எழுத்துப் பிழை உள்ளவை, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தவை, பாதியில் மனம் மாறியவை, "போன தடவை மாதிரியே" என்று மட்டும் எழுதியவை எல்லாம் கலந்திருக்கட்டும். சரியான பில் என்ன என்பது ஏற்கெனவே நமக்குத் தெரியும். ஒவ்வொரு செய்திக்கும் ஏஜென்ட் எந்தக் கருவியை எடுத்தது, கட்டங்களில் என்ன நிரப்பியது என்பதைச் சாப்ட்வேர்காரரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாடிக்கையாளருக்குப் போன பதிலை மட்டும் பார்த்தால் போதாது. பதில் அழகாக இருக்கும், உள்ளே கொண்டைக்கடலைக்குப் பதில் பொட்டுக்கடலை போயிருக்கும்.

தவறு தென்பட்டால் எந்த வாக்கியத்தால் அது வந்தது என்று தேடுங்கள். இணையத்தில் தேடும் கருவியைத் தன் மாடலுக்குக் கொடுத்தபோது, அது தேடும் சொற்களோடு தேவையில்லாமல் 2025 என்ற ஆண்டையும் சேர்த்துக் கொண்டே இருந்ததாக ஆந்த்ரோபிக் 2025 செப்டம்பரில் எழுதியிருந்தது. மாடலை மாற்றாமல் கருவியின் குறிப்பைத் திருத்தியே அதைச் சரி செய்தார்கள். நமக்கும் பெரும்பாலான திருத்தங்கள் ஒரு வரி, இரண்டு வரி அளவில்தான் இருக்கும். ஒரே நேரத்தில் ஐந்து வரிகளை மாற்றினால் எதனால் சரியாயிற்று, எதனால் புதிதாகக் கெட்டது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, ஐம்பதையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு, இதற்குச் செலவே இல்லை. எழுதிய குறிப்பை நம் தொழில் தெரியாத ஒருவரிடம், ஜவுளிக் கடைக்காரரோ கல்லூரியில் படிக்கும் பேத்தியோ யாராக இருந்தாலும் சரி, கொடுத்து, மூன்று ஆர்டர் செய்திகளையும் கொடுத்து, எந்தக் கருவியில் என்ன நிரப்புவீர்கள் என்று கேளுங்கள். அவர் எங்கே நிமிர்ந்து பார்த்து நம்மிடம் கேள்வி கேட்கிறாரோ, அங்கே ஒரு வாக்கியம் குறைகிறது.

குறிப்புகளின் பிரதி ஒன்று, தேதி போட்டு, நம் கையில் இருக்க வேண்டும். சாப்ட்வேர்காரரை மாற்றினாலும் மாடலை மாற்றினாலும் அந்தத் தாள் நம்முடையது. ஒப்பந்தம் போடும்போதே, குறிப்புகளை நாம் கேட்டபோது காட்ட வேண்டும், நமக்குச் சொல்லாமல் மாற்றக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகளை எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். புதுச் சிப்பம் வந்தால், புதுக் கிடங்கு எடுத்தால், கடன் விதியை மாற்றினால், அன்றைக்கே அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, எந்தக் கருவியின் குறிப்பு திருத்தப்பட வேண்டும் என்று சாப்ட்வேர்காரருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும்.